காலி வண்டி எடை

வெள்ளி இரவு பன்னிரண்டுக்கு வெளியீடு.
ஏழு நிமிடம் இருக்கையில்
வெங்காய லோடு ஒன்று மேடையில் ஏறிவிட்டது.
ரசீது அடிக்க எழுந்தேன்.
யுபிஎஸ் பெட்டிமேல் உட்கார்ந்து
மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஷம்லா,
சோற்றுப்பானை பொங்கிவிடும் என்று பார்ப்பதுபோல.

மூன்று வாரம் முன்பு படிவம் நிரப்பினோம்.
குழுவின் பெயர்: அறுபது டன்.
இந்த மேடை தாங்கும் அளவு அது.
இதற்குமேல் ஏற்றினால் எங்கள் பொறுப்பல்ல என்று
வெளியே போர்டு தொங்குகிறது.
தடங்கள்: நான்கு. பாடியவர்: இல்லை. வரிகள்: இல்லை.
மொழி?
அந்தக் கட்டத்தை மட்டும் தாண்ட விடவில்லை.

ஷம்லா ராவுத்தர் வீட்டுப் பெண்.
அடுக்களையில் தமிழ், பள்ளியில் மலையாளம்,
கஞ்சிக்கோட்டு உருக்காலையில்
உலைக்கு மின்சாரம் பார்க்கையில் இந்தி.
எனக்குத் தமிழ். அதைத் தவிர
டன், கிலோ, பாக்கிச் சில்லறை மட்டும்
ஐந்து மொழியில்.
பட்டியலை உருட்டி உருட்டி, கடைசிக்கும் கடைசியில்
'பொருந்தாது' என்று ஒன்றைக் கண்டுபிடித்தாள்.
பொருந்தாது என்பதில் இரண்டு பேரும் பொருந்தினோம்.

முதல் தடத்தில் உலையின் முனகல்.
இரண்டாவதில் கணவாய்க் காற்று.
மைக்குக்கு என் பழைய காலுறையை மாட்டியும்
நிற்காமல் உள்ளே வந்த காற்று;
கடைசியில் அதையே வாசிக்க விட்டுவிட்டோம்.
நான்காவதில் தேனீக்கள். நிஜத் தேனீ அல்ல,
யானைகள் தண்டவாளம் ஏறாமலிருக்க
ஒலிபெருக்கியில் போடுவார்களே, அது.
எங்களுக்கு முன்பே இந்த ஊரில்
ராத்திரி முழுக்க மின்னிசை ஓடிக்கொண்டுதான் இருந்தது.
கேட்டவர்கள் ஓடிப்போனார்கள், அவ்வளவுதான்.

எல்லாத் தடத்துக்கும் அடி ஒன்றே:
காலி லாரியின் பின்கதவு விழும் சத்தம்.
லோடு வண்டியில் அது வராது.
ஒரு மாதம் முயன்று பார்த்தோம்,
நிறைந்தது எதுவும் அப்படி ஒலிக்கவில்லை.

பன்னிரண்டு.
கேட்டவர்கள்: ஒன்று. அது ஷம்லா.
இரண்டு. அது நான்.
மூன்று!
யார், யார் என்று நான் எழுந்தே விட்டேன்.
ஷம்லா தன் இன்னொரு போனைத் தூக்கிக் காட்டினாள்.

மூன்றாவது தடம் ஓடும்போதுதான் தெரிந்தது.
இரண்டு நிமிடம் பதினேழாவது நொடியில்
எல்லாம் அடங்கி, ஒரு நீண்ட சுருதி மட்டும் நிற்கும் இடத்தில்,
"தம்பீ, சில்லறை இல்லியா?"
வெட்டியெறிந்திருக்க வேண்டிய குரல்.
தப்பான கோப்பை அனுப்பியிருக்கிறாள்.
மாற்ற ஒரு வாரம் ஆகுமாம்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து
எனக்குப் பாதிக்கு மேல் தந்தாள்.

நாலு மணிக்கு, ஒட்டன்சத்திரம் காய்கறியை
திருச்சூரில் இறக்கிவிட்டு, காலியாக வந்தார்
குரலுக்குச் சொந்தக்காரர், ஆறுச்சாமி அண்ணன்.
காதில் மாட்டிவிட்டோம்.
ஸ்டூலில் உட்கார்ந்து மரியாதையாகக் கேட்டார்,
துண்டை மடியில் போட்டுக்கொண்டு.
இரண்டு பதினேழில் சட்டென்று
பின்னால் திரும்பிப் பார்த்தார்.
"யாருப்பா அவன், என்னைய மாதிரியே கேக்கறான்?"
பிறகும் கேட்டார்.
முடிவதற்குச் சற்று முன் ஒரு காதை மட்டும் எடுத்து,
"நல்லாத்தான் இருக்குது. பாட்டு எப்ப வரும்?"

எங்களிடம் பதில் இல்லை. சில்லறையும் இல்லை.
ரசீதை நீட்டினேன்:
காலி வண்டி, ஐயாயிரத்து அறுநூற்று இருபது.
போகும்போது பின்கதவுக் கொக்கியைச்
சரியாக மாட்டவில்லை அவர்.
எட்டிமடைத் திருப்பம் வரை அது
அடித்துக்கொண்டே போனது.
ஷம்லா கண்ணை மூடி விரலால் எண்ணினாள்.
நிமிடத்துக்கு நூற்றி இருபத்தெட்டு என்றாள்,
நம்முடையதைவிட நாலு கூட.